வெள்ளாட்டுப் பட்டியும் வருமுன் காத்தலும்

சோளிங்கர் என்ற பெயரைக் கேட்டவுடன் பலர்க்கும் நினைவில் எழுவன இரண்டு மலைகளே. பெரிய மலையின்மேல் யோக நரசிம்மரும் சிறிய மலையின்மேல் யோக ஆஞ்சநேயரும் கோயில் கொண்டுள்ள இவ்வூரை வைணவப் பெரியோர் திருக்கடிகை என்று போற்றுவர். வரலாறு பயில்வோர், 1781-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் பொருத களம் இதுவென்பர். கோயிலும் போரும் ஒருபுறம் நிற்க, அம்மலைகளின் அடிவாரத்தில் காலைதோறும் படல் திறந்து புறப்படும் வெள்ளாடுகளைப் பற்றியே யாம் ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

தமிழ் பயில்வார்க்கு ஆட்டோடு என்ன தொடர்பு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். தொடர்பு மிகப் பழையது. தொல்காப்பியர் தம் மரபியலில் ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களை எண்ணி வைத்துள்ளார். அதன் இளமைக்கு மறி என்னும் பெயரையும் கூறியுள்ளார். ஒன்றனோடு நெருங்கி வாழும் மக்களே அதற்குப் பல பெயர் இடுவர். முல்லை நிலத்து ஆயர் ஆட்டின் குரலும் நடையும் அறிந்து வாழ்ந்தமையாலன்றோ அத்துணைப் பெயர்கள் பிறந்தன! நம் திருமறையிலும் இதற்குச் சான்று உண்டு. நீதிமொழிகள் 27-ஆம் அதிகாரத்தின் இறுதியில், மந்தையின் நிலையை நன்றாக அறிந்துகொள்ளுமாறு அறிவுரை கூறப்பட்டுள்ளது. ஆடு உடை தரும், நிலத்தின் விலை தரும், வீட்டாரெல்லார்க்கும் பால் தரும் என்று அதற்குக் காரணமும் காட்டப்பட்டுள்ளது. 'மந்தையின் நிலையை அறிதல்' என்ற அந்த ஒன்றே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வெள்ளாட்டை ஏழையின் பசு என்பர். எம்மூர்ப் பக்கத்தில் அதனை ஏழையின் வங்கி என்று சொல்லுதல் இன்னும் பொருந்தும். நிலமுடையார்க்கு நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் உள. நிலமில்லாத கூலியாளர்க்கும் கணவனை இழந்த மகளிர்க்கும் நாலைந்து ஆடுகளே கையிருப்பு. திருமணமோ, மருத்துவச் செலவோ, பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ வந்துற்றால் ஓர் ஆடு சந்தைக்குச் செல்லும். 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏழை மகளிர்க்கு வீட்டிற்கு நான்கு ஆடுகள் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதும் இதனைக் கருதியே. ஆனால் இந்த வங்கி உயிருள்ளது. ஒரே வாரத்தில் அழிந்துபடவும் வல்லது.

இதனை யாம் ஏட்டில் மட்டும் கற்றோமல்லேம். சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் நல்ல மழை பெய்தது. ஏரிக்கரையெங்கும் இளம்புல் பச்சைப் பசேலென்று தழைத்தது. எம் பாட்டியார் தம் பதினொரு ஆடுகளையும் மனமகிழ்ந்து அங்கே மேய விட்டார். நான்காம் நாள் விடியலில் படலைத் திறந்தபோது கொழுத்த கிடாய் ஒன்று கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. வெயில் ஏறுமுன் இறந்தது. மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் மூன்று. எமது இரண்டாம் பருவக் கட்டணத்திற்கென்று வைத்திருந்த இரு கிடாய்களும் அவற்றுள் அடங்கும். கட்டணம் கடன் பெற்றுக் கட்டப்பட்டது. ஆவணித் திங்களில் எம்மூரில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்ட நாளன்று பாட்டியார் நாற்று நடச் சென்றிருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவர் குற்றம் என்று எங்ஙனம் கூறுவது? ஒரு நாட்கூலியை விடுதற்கு அவருக்கு வழியில்லை. அந்த ஊசியின் அருமையை அவருக்கு எடுத்துச் சொன்னாரும் இல்லை. படித்த பிள்ளையாகிய யாமும் சொல்லவில்லை. அந்தக் குறையைச் சிறிதளவேனும் தீர்த்துக்கொள்ளவே இதனை எழுதுகின்றோம்.

பட்டி

ஆடு வளர்ப்பார்க்கு முதற்கண் வேண்டுவது ஈரமில்லாத இருப்பிடம். வெள்ளாடு வெயிலைப் பொறுக்கும், பசியையும் ஓரளவு பொறுக்கும், ஈரத்தைப் பொறாது. சேற்றில் நின்ற ஆட்டிற்குக் குளம்பு அழுகும், குளிர்ந்த தரையில் கிடந்த குட்டிக்கு மார்ச்சளி கட்டும். ஆதலின் பட்டி மேட்டு நிலத்தில் அமைதல் வேண்டும். கொட்டிலின் நீளம் கிழக்கு மேற்காக இருப்பின் நடுப்பகல் வெயில் உள்ளே தாக்காது. பக்கங்களில் காற்று உலவ இடம் விட வேண்டும். வளர்ந்த ஆடு ஒன்றற்கு ஏறக்குறையப் பத்துச் சதுர அடியும், குட்டிக்கு நான்கு அல்லது ஐந்து சதுர அடியும் போதும். இதற்குக் குறைந்தால் நெருக்கடியில் நோய் விரைந்து பரவும்.

வசதியுடையோர் தரையினின்று மூன்று நான்கு அடி உயரத்தில் மரச்சட்டங்களாற் பரண் அமைத்து ஆடுகளை அதன்மேல் நிறுத்துகின்றனர். புழுக்கையும் சிறுநீரும் இடைவெளி வழியே கீழே விழுந்துவிடுதலால் ஆட்டின் உடல் தூய்மையாக உள்ளது, எருவும் வீணாகாது. இஃது இயலாதவர் மண்தரையை நாள்தோறும் பெருக்கி, வாரத்திற்கொருமுறை சுண்ணாம்புத் தூள் தூவினாலும் பெரும்பயன் உண்டு. சுவர் வெடிப்புகளிலும் மரப்பொந்துகளிலும் உண்ணிகள் முட்டையிடும். அவ்விடங்களைப் பூசியடைத்துச் சுண்ணாம்பு அடித்தல் வேண்டும். பட்டியின் ஒரு மூலையில், அல்லது சற்று அப்பால், நோயுற்ற ஆட்டைத் தனியே கட்டுதற்கு ஓரிடம் ஒதுக்கி வைத்தல் இன்றியமையாதது. நோய் வந்தபின் இடந்தேடுவோர்க்கு அதற்குள் பட்டி முழுவதும் நோய் பரவிவிடும்.

தீனியும் நீரும்

செம்மறி தலைகுனிந்து புல் மேய்வது. வெள்ளாடு தலைநிமிர்ந்து தழை கடிப்பது. எனவே தழையே அதற்குத் தலையாய உணவு. அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, பூவரசு, வாகை, சவுண்டல் ஆகியவற்றை வேலியோரத்தில் நட்டு வைத்தால் கோடையிலும் கை கொடுக்கும். நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் அதன் கொடியை உலர்த்திப் போரிட்டு வைத்தல் எம்மூர் உழவர் நன்கறிந்த முறை. வளர்ந்த ஆட்டிற்கு நாளொன்றுக்கு நான்கைந்து கிலோ பசுந்தழையும், சினையாட்டிற்கும் பால் கொடுக்கும் ஆட்டிற்கும் கூடுதலாக இருநூறு கிராம் அளவிற்கு அடர்தீவனமும் வேண்டும். தழையைத் தரையிற் போடாது கட்டாகக் கட்டித் தொங்கவிடல் நன்று. தரையில் மிதிபட்ட தழையை வெள்ளாடு தொடாது. தொட்டால் அதனோடு புழுவின் முட்டையும் வயிற்றுட் செல்லும்.

தீனியில் தீங்கும் உண்டு. நீரின்றி வாடிய இளஞ்சோளப் பயிரில் கொடிய நஞ்சு உண்டு; அதனை மேய்ந்த ஆடு சிறிது நேரத்தில் மூச்சுத் திணறி விழும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு கல்லீரலைக் கெடுக்கும். திருவிழாவிலும் திருமண வீட்டிலும் மிஞ்சிய சோற்றை இரக்கத்தால் ஆட்டிற்கு அள்ளிக் கொட்டுவோர் பலர். அச்சோறு வயிற்றிற் புளித்து உப்பி உயிரையே மாய்த்துவிடும். இரக்கமும் அறிவோடு கூடியிருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

நீரைப் பற்றித் தனியே ஒன்று கூற வேண்டும். எமது மாவட்டமும் அண்டை ஊர்களும் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என அதன் வரிசை நீளும். அத்தொழிலின் கழிவுநீர் பாலாற்றுப் பகுதியின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்த செய்தி 1996-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. கழிவு ஓடும் கால்வாய்களின் ஓரத்தில் ஆடுகளை நீர் குடிக்க விடுதல் ஆகாது. வீட்டார் குடிக்கத் தகாத நீர் ஆட்டிற்கும் தகாது. ஒரு சிறு தொட்டியில் நல்ல நீர் நிரப்பி நாள்தோறும் கழுவி வைத்தலே சாலும்.

கையில் இருக்க வேண்டுவன

இனி, ஆடு வளர்ப்போர் வீட்டில் எப்போதும் இருக்க வேண்டிய பொருள்களைத் தொகுத்துக் கூறுவாம். தழை வளைக்கத் துறட்டியும், வெட்ட அரிவாளும், கழுத்தை அறுக்காத மென்கயிறும் எல்லார் வீட்டிலும் உள்ளன. அவற்றோடு பின்வருவனவும் வேண்டும். ஆடு நக்குதற்குத் தாது உப்புக்கட்டி ஒன்று. உடற்சூடு காண வெப்பமானி ஒன்று. குட்டியின் தொப்புளுக்கும் சிறு புண்ணுக்கும் இட அயோடின் மருந்து. தூய பஞ்சு, துணி, நூல், கத்தரி. புண்ணில் ஈ மொய்க்காதிருக்கத் தடவ வேப்பெண்ணெய். வயிறு உப்பினால் முதலுதவியாகப் புகட்டக் கடலை எண்ணெய். குளம்பு சீவ ஒரு சிறு கத்தி. மருந்து புகட்ட ஊசியில்லாத பீச்சுக்குழல். முன்னோர் மூங்கிற் குழாயால் மருந்து புகட்டினர். எதனாற் புகட்டினும் ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்தல் கூடாது. அவ்வாறு பிடித்தால் மருந்து மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். வாய் கிடைமட்டமாக இருக்க, கடைவாயின் வழியே சிறிது சிறிதாகப் புகட்டல் வேண்டும்.

இவையெல்லாம் ஒரு சிறு தகரப் பெட்டியில் அடங்குவன. இவற்றின் விலையெல்லாம் கூட்டினும் ஓர் ஆட்டின் விலைக்கு மிகவும் குறைவே. இவற்றினும் விலை குறைந்ததும் பயன் மிகுந்ததுமாகிய பொருள் இன்னொன்று உண்டு. அது பத்துத் தாள் கொண்ட ஒரு குறிப்பேடு. எந்த ஆடு எந்நாள் சினையாயிற்று, எந்நாள் ஈன்றது, எந்நாள் எந்த ஊசி போடப்பட்டது, எந்நாள் புழுமருந்து கொடுக்கப்பட்டது என்பன அதில் எழுதப்பட வேண்டும். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். நாள் தெரிந்திருந்தால் ஈனும் வேளையில் ஆள் அருகில் இருக்கலாம். ஈன்றவுடன் குட்டியின் மூக்கையும் வாயையும் துடைத்து, தொப்புளில் அயோடின் இட்டு, முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் குடிக்கச் செய்தல் வேண்டும். நோயெதிர்க்கும் ஆற்றலைத் தாய் தன் குட்டிக்கு முதன்முதல் வழங்குவது இந்தச் சீம்பாலின் வழியேதான். நாள் கடந்தபின் குட்டியின் குடல் அவ்வாற்றலை ஏற்காது. சீம்பால் தீட்டென்று கறந்து கொட்டும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் உளதெனக் கேள்வியுறுகின்றோம். அது குட்டியின் கவசத்தைக் களைந்து எறிதலோடொக்கும்.

நோயும் காப்பும்

நோயை அறியுமுன் நலத்தை அறிதல் வேண்டும். நலமுள்ள ஆட்டின் கண் ஒளியோடிருக்கும். அது படுத்திருக்கும்போது அசைபோடும். புழுக்கை உருண்டையாக விழும். உடற்சூடு பாரன்ஹீட் 101.5 முதல் 103.5 பாகை வரை இருக்கும். காலையிற் படல் திறக்கும் வேளையே ஆட்டைச் சோதிக்கத் தக்க வேளை. மற்றவையெல்லாம் முந்திக்கொண்டு ஓடிவர, ஒன்று மட்டும் பின்தங்கி நின்றால் அதனை அன்றே தனியே கட்டிக் கவனித்தல் வேண்டும். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை நாம் பலமுறை கேட்டுள்ளோம். அந்த ஒன்று எது என்று முதலில் எண்ணிப் பார்த்தவனன்றோ அவன்!

ஆட்டைத் தாக்கும் நோய்களுள் எம் பாட்டியாரின் பட்டியில் புகுந்தது துள்ளுமாரி. நோயுற்ற ஆடு துள்ளி விழுந்து மடிதலால் இப்பெயர் வந்தது. மாரி என்பதற்கு மழை என்றும் கொள்ளைநோய் என்றும் பொருள் உண்டு. இந்நோய்க்கு அவ்விரு பொருளும் பொருந்தும். எவ்வாறெனின், ஆட்டின் குடலில் இயல்பாகவே வாழும் ஒருவகை நுண்ணுயிர், மழைக்குப்பின் தழைத்த இளம்புல்லை ஆடு திடீரென மிகுதியாக உண்ணும்போது அளவிறந்து பெருகி நஞ்சைக் கக்குகிறது. மந்தையிற் கொழுத்த ஆடுகளே முதலில் விழுகின்றன. நோய் கண்டபின் மருத்துவம் செய்ய நேரம் கிடைப்பது அரிது. மழைக்கு முன் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுதலும், புதுப்புல்லில் முதல் நாட்களில் நெடுநேரம் மேய விடாமையுமே காப்பு. முதன்முறை ஊசி போடும் குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரங்களில் மறுமுறையும் போடுதல் வேண்டும்.

மற்றொன்று ஆட்டுக்கொல்லி நோய். கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சிரைப்பு என்பன இதன் குறிகள். 1942-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதல் விளக்கி எழுதப்பட்ட இந்நோய், இந்தியாவில் 1987-ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டில் விழுப்புரம் பக்கத்து அரசூரில் கண்டறியப்பட்டது. ஊசி ஒருமுறை போட்டால் ஏறக்குறைய மூன்றாண்டு காக்கும். குட்டிக்கு மூன்று நான்கு திங்கள் ஆனபின் போடலாம். ஆட்டம்மைக்கும் கோமாரிக்கும் தடுப்பூசிகள் உள. சந்தையினின்று வாங்கிய ஆட்டை மூன்று வாரமேனும் தனியே வைத்துப் பார்த்தபின்னரே பட்டியில் சேர்த்தல் வேண்டும். பொய்கைச் சந்தையிலும் கே.வி.குப்பம் சந்தையிலும் பல ஊர் ஆடுகள் கலந்து நிற்கின்றன. அவற்றோடு நோயும் கலந்து நிற்கலாம்.

ஊசியால் தடுக்கலாகாதது குடற்புழு. ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சும் புழுவொன்று உண்டு. அதனால் வருந்தும் ஆட்டின் கீழ்த்தாடை வீங்கும், கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும். இமையை மெல்ல விலக்கிப் பார்த்தால் செம்மையா, இளஞ்சிவப்பா, வெளுப்பா என்பது தெரியும். தென்னாப்பிரிக்க நாட்டு அறிஞர் இந்நிறங்களை வரிசைப்படுத்தி ஓர் அட்டையே ஆக்கியுள்ளனர். வெளுத்த ஆட்டிற்கு மருந்து தவறாது கொடுத்தல் வேண்டும். எல்லா ஆட்டிற்கும் ஓயாமல் ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால் புழுக்கள் அம்மருந்துக்கு அஞ்சாதனவாய்விடும். மருந்தும் அளவும் ஆட்டின் எடைக்கேற்பக் கால்நடை மருத்துவர் கூறியபடியே அமைதல் வேண்டும்.

இறுதியாக அடைப்பான் நோய். நலமாயிருந்த ஆடு திடீரென இறந்து, மூக்கு வாய் முதலிய துளைகளிலிருந்து உறையாத கருங்குருதி வடிந்தால் இதனை ஐயுறல் வேண்டும். இது மனிதரையும் பற்றும். வேலூர்ப் பக்கத்து மக்களுக்கும் இந்நோய் கண்ட செய்தி மருத்துவ ஏடுகளில் உண்டு. இவ்வாறு இறந்த ஆட்டை அறுத்தலும், தோலுரித்தலும், உண்ணுதலும் கூடவே கூடா. உடலை ஆழப் புதைத்து மேலே சுண்ணாம்பு இட்டு, உடனே கால்நடை மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும். தோலுக்கு விலையுள்ள நம் நாட்டில் செத்த ஆட்டின் தோலையேனும் விற்போம் என்னும் எண்ணம் எழுதல் இயல்பு. எம் பாட்டியாரிடமும் ஒருவர் வந்து கேட்டார். பாட்டியார் கொடாது ஆறு ஆடுகளையும் குழிதோண்டிப் புதைத்தார். அவர் அடைப்பானை அறிந்திலர்; "நோய் கண்ட பொருளை இன்னொருத்தர் வீட்டுக்கு அனுப்பலாமா?" என்பதே அவர் சொன்னது.

தோல் உரைக்கும் செய்தி

தோல் பதனிடும் ஊர்களில் வாழும் நாம் அறிய வேண்டுவது வேறொன்றும் உளது. ஆட்டின் வாழ்நாள் முழுவதும் அதன் தோலில் எழுதப்படுகிறது. உரோமம் மூடியிருக்கும்வரை அவ்வெழுத்துத் தெரியாது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி உரோமம் நீங்கியபின், அம்மையின் தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, சொறியின் வடு, முள் கீறிய கோடு, சூடு போட்ட குறி அனைத்தும் வெளிப்படும். முற்காலத்தில் ஆவாரம்பட்டையாற் பதனிட்ட நம் நாட்டு ஆட்டுத்தோல் கடல்கடந்து சென்று பெயர் பெற்றது. இக்காலத்தில் குரோம் முறை பெருகியுள்ளது. எம்முறையாயினும் வடுவை மறைத்தல் அரிது. 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று அடையாற்றில் இயங்கும் நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞரும், உயிருள்ள ஆட்டின் மேல் விழுந்த வடுவை முற்றும் நீக்க மாட்டார். ஆம்பூரிற் செய்யும் அழகிய காலணியின் தரம், எங்கோ ஒரு பட்டியில் ஓர் எளிய பெண் உண்ணி நீக்கியதையும் அம்மை ஊசி போட்டதையும் பொறுத்துள்ளது. ஆயினும் அதன் ஊதியத்தில் அவளுக்குரிய பங்கு மிகச் சிறிது. இதுவும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

மருந்து எங்குள்ளது?

இத்தடுப்பு மருந்துகள் எங்கிருந்து வருகின்றன என்று வினவுவார்க்கு விடை வியப்பளிக்கும். சோளிங்கரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராணிப்பேட்டையிலேயே அரசின் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் உள்ளது. 1932-ஆம் ஆண்டில் சீரம் நிலையம் என்னும் பெயரால் அது தொடங்கப்பெற்றது. அந்நாளில் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய்க்கு எதிரான சீரம் ஆக்குதலே அதன் நோக்கம். அவ்வெக்கை நோய் 2011-ஆம் ஆண்டில் உலகினின்றே ஒழிந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது. மனிதர் முற்றும் ஒழித்த நோய்களுள் பெரியம்மைக்கு அடுத்தது அது. ஆட்டுக்கொல்லி நோய் அவ்வெக்கையின் நெருங்கிய இனமே. அதனையும் 2030-ஆம் ஆண்டிற்குள் உலகினின்று ஒழிக்க நாடுகள் 2015-ஆம் ஆண்டில் உறுதி பூண்டன. மாட்டின் நோயை ஒழிக்க முடிந்ததெனின் ஆட்டின் நோயையும் ஒழித்தல் கூடும்.

தடுப்பூசியின் ஆற்றலை உலகிற்குக் கண்கூடாகக் காட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். 1881-ஆம் ஆண்டு மே மாதத்தில் புய்லி-லெ-ஃபோர் என்னும் சிற்றூரில் இருபத்துநான்கு செம்மறிகளுக்கும் ஒரு வெள்ளாட்டிற்கும் சில மாடுகளுக்கும் அடைப்பான் தடுப்பூசி போட்டார். அதே எண்ணிக்கையுள்ள செம்மறிகளையும் வேறொரு வெள்ளாட்டையும் ஊசியின்றி விட்டார். மே 31-ஆம் நாள் இருசாரார்க்கும் நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2-ஆம் நாள் மக்கள் திரண்டு வந்து பார்த்தபோது, ஊசி பெற்றவை நலமாக நின்றன. ஊசி பெறாத ஆடுகள் இறந்து கிடந்தன. எஞ்சிய சிலவும் பொழுது சாயுமுன் இறந்தன. ஊசி பெற்ற அந்த ஒற்றை வெள்ளாட்டை நினைக்குந்தோறும் எமக்கு எம் பாட்டியாரின் பட்டியே கண்முன் தோன்றுகிறது.

மருந்து அருகில் இருந்தும் ஆடு இறந்தது ஏன்? மருந்து ஆக்கப்படும் இடத்திற்கும் ஆடு நிற்கும் இடத்திற்கும் இடையே பல கைகள் வேண்டும். தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரிலேயே வைத்துக் கொண்டுவர வேண்டும். வெயிலிற் பட்ட மருந்தும் வெறுந்தண்ணீரும் ஒன்றே. ஊசி போடும் நாளை முன்கூட்டியே தெரு தோறும் அறிவிக்க வேண்டும். கூலிக்குச் செல்லும் மகளிர் புறப்படுமுன், விடியலிலேயே அது நடைபெற்றால் நன்று. ஒருவர் வர இயலாவிடின் அயலார் அவருடைய ஆட்டையும் ஓட்டி வரலாம். 1962 என்னும் எண்ணைத் தொலைபேசியில் அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் வசதியும் இந்நாளில் உண்டு. 1900-ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே படுக்கையுடன் மருத்துவப்பணி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், பின்னர் ஊர் ஊராகச் சென்று சாலையோர மரநிழலில் நோயாளரைப் பார்த்தார். நோயாளர் வரட்டும் என்று அவர் மருத்துவமனையிலேயே காத்திருக்கவில்லை. ஆட்டின் மருத்துவத்திற்கும் அம்முறையே ஏற்றது.

அன்பார்ந்த மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் சிற்றூர்களினின்று வந்தவர்கள். நம் கட்டணத்தில் ஒரு பங்கு ஆட்டுப்பணமாக இருத்தலும் கூடும். விடுமுறையில் ஊர் செல்லும்போது ஊசி போடும் நாளைக் கேட்டறிந்து நாலு வீட்டிற்குச் சொல்வதும், ஒரு குறிப்பேடு எழுதிக் கொடுப்பதும் நம்மால் ஆகாதனவல்ல. கற்ற எழுத்திற்கு அதுவும் ஒரு பயன்.

இவ்வாண்டு கோடை விடுமுறையில் எம் பாட்டியாருக்கு அத்தகைய குறிப்பேடு ஒன்று எழுதித் தந்தோம். அவர் எழுத்தறியார், ஆதலின் ஆட்டிற்கொரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றன் நிறத்தையும் கொம்பையும் படமாக வரைந்தோம். எஞ்சிய ஐந்து ஆடுகள் இப்பொழுது எட்டு ஆகியுள்ளன. ஆவணி பிறக்குமுன்னரே அவர், "ஊசி எப்போ போடறாங்கன்னு கேட்டுச் சொல்லுப்பா" என்று தொலைபேசியிற் கேட்டார். கேட்டுச் சொன்னோம். அன்று அவர் கூலிக்குச் செல்லவில்லை. அண்டை வீட்டார் மூவரின் ஆடுகளையும் சேர்த்து ஓட்டிச் சென்றார். எட்டுப் பக்கத்திலும் அந்நாள் இப்போது குறிக்கப்பட்டுள்ளது.